பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம்

என் பிள்ளைக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் என் கைக்கு வந்தது. சாவகச்சேரிச் சந்தைக்குச் சைக்கிளில் மீன் கொண்டுபோகிற எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து தந்தார். கடித உறை கிடைக்கவில்லைப் போலிருக்கிறது. கொப்பித் தாளை எட்டாக மடித்து நூலால் கட்டி, மேலே ‘அம்மாவுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தாய். அப்பா அதைப் பார்த்துவிட்டு, “அப்ப நான் இந்த வீட்டிலை ஆராம்?” என்று கேட்டார். வாசித்து முடித்ததும் நானே அவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன். கோபிக்காதே. ஒரு வருத்தத்தை இந்த வீட்டுக்குள் ஒளித்துவைத்து நான் பட்டது போதும். இந்தப் பதிலையும் நீ ஒளிக்கத் தேவையில்லை. மருமகனுக்கு வாசிக்கக் கொடு. உன் மாமி கேட்டால் அவருக்கும் கொடு. வழியில் மீன்காரர் பிரித்து வாசித்தாலும் எனக்குக் கவலையில்லை, அவருக்கும் ஒரு விஷயம் தெரிந்ததாக இருக்கட்டும்.

நீ எழுதியதை எனக்கு நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். முதுகில் மூன்று படை, வலது கன்னத்தில் ஒன்று. தொட்டால் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் தொழுநோய் என்று சொல்லிக் குளிசை மருந்து தொடங்கி இரண்டு மாதம். வயிற்றில் பிள்ளைக்கு ஆறு மாதம். பிள்ளை பிறக்கும்வரை குளிசையை நிறுத்து என்று மாமி சொல்கிறார், நிறுத்தக் கூடாது என்று டொக்டர் சொல்கிறார், யார் சொல்வதைக் கேட்பது என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். கடைசி வரியில், இது எனக்கு எங்கிருந்து வந்தது அம்மா என்றும் கேட்டிருக்கிறாய். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாக வாசி. குளிசையை ஒரு நாள்கூட நிறுத்தாதே. பிள்ளை பிறந்த பிறகு நீ இப்போதையைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும், முக்கியமாக மூன்றாம் மாதமளவில். இதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டாள். ஏனென்றால் உன் இரண்டாவது கேள்விக்கும் நான்தான் பதில். அது என்னிடமிருந்து வந்தது, பிள்ளை.

எண்பத்து நாலாம் ஆண்டு. உனக்குப் பன்னிரண்டு வயது. தம்பி என் வயிற்றில் நாலு மாதம். முற்றத்தில் அப்பாவோடு இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிடந்த தூண்டில் ஒன்றின் முள் என் இடது முன்கையில் ஏறி நின்றதை நான் கவனிக்கவில்லை. அப்பாதான் கண்டார். “இஞ்சையப்பா, கையிலை முள்ளு ஏறி நிக்குது. உனக்கு நோகேல்லையோ?” என்றார். நோகவில்லை. அந்த இடத்தில் இரண்டு வருடமாக வெளிறிய படை ஒன்று இருந்தது. தேமல் என்று நானே பேர் வைத்து, நானே எலுமிச்சம்புளி தேய்த்து, நானே மறந்துபோயிருந்தேன். அப்பா மறக்கவில்லை. அந்தக் கிழமையே என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தோல் கிளினிக்குக்குப் போனார்.

டொக்டர் நோயின் பெயரைச் சொன்னதும் எனக்கு முன்னால் மாந்தீவுதான் வந்து நின்றது. மட்டக்களப்பில் அந்தத் தீவுக்கு இந்த நோய் வந்த ஆட்களைத் தோணியில் ஏற்றிவிடுவார்கள், திரும்பி வரமாட்டார்கள் என்று சின்ன வயதில் கேள்விப்பட்டு வளர்ந்தவள் நான். என் முகத்தைப் பார்த்து அவருக்கு விளங்கிவிட்டது. “அந்தக் காலம் போயிட்டுது அம்மா. இப்ப மூண்டு மருந்து சேர்த்துக் குடுக்கிறம். வீட்டிலையே இருங்கோ, சமையுங்கோ, பிள்ளையைப் பெறுங்கோ, பாலும் குடுங்கோ. குளிசை தொடங்கினாப் பிறகு உங்களிட்டையிருந்து ஆருக்கும் தொத்தாது” என்றார். எல்லாவற்றையும் நம்பினேன். கடைசி வசனத்தை மட்டும் நம்பவில்லை.

அதனால்தான் உன்னைச் சில்லாலைக்கு, என் தங்கச்சி, உன் குஞ்சம்மா வீட்டுக்கு அனுப்பினேன். கடற்கரைப் பக்கம் நேவிக்காரன் சுடுகிறான், அங்கேயிருந்து படிப்பது நல்லது என்று சொன்னேன். அது பொய்யுமில்லை. அந்த வருடம் எங்கள் கரையிலிருந்து எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளைக் கடலுக்குத் தள்ளியிருக்கிற ஊர்களுக்கு அனுப்பினார்கள். ஒரு மெய்யை எடுத்து என் பொய்யை மூடிவிட்டேன். பதினாலு மாதம் நீ அங்கே இருந்தாய். இடையில், தம்பி பிறந்து ஒரு மாதத்தில், அப்பா உன்னை நாலு நாளைக்குக் கூட்டிவந்தார். பையை வாசலிலேயே போட்டுவிட்டு, “தம்பியைக் காட்டுங்கோ அம்மா” என்று ஓடிவந்தாய். நான், “தள்ளி நில்!” என்று கத்தினேன். உன் முகம் போன போக்கு எனக்கு இன்றைக்கும் தெரியும். நீ அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தாய். நாலு நாளும் அவர் பக்கத்திலேயே இருந்துவிட்டுச் சில்லாலைக்குத் திரும்பிப் போனாய்.

உன் கலியாணத்துக்கு முதல் கிழமை, எதற்கோ வாய்த்தர்க்கம் வந்தபோது, “ஆம்பிளைப் பிள்ளை பிறந்தாப் பிறகு நான் உங்களுக்கு ஆர்?” என்று கேட்டாய் அல்லவா? அப்போது நான் அடுப்பில் எதையோ கிண்டுவது மாதிரி நின்றேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. பத்து வருடமாக உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த பதில் இது. மகன் பிறந்ததால் உன்னைத் தள்ளி வைக்கவில்லை. என் கை உன் மேல் பட்டால் உனக்கு வந்துவிடும் என்று பயந்து தள்ளி வைத்தேன். அப்படியென்றால் மடியில் கிடந்தவனுக்கு வராதா என்று நீ கேட்பாய். பால் கொடுக்கலாம் என்று டொக்டர் சொன்னதை அவன் விஷயத்தில் நம்பினேன், ஏனென்றால் நம்பாமல் விட்டால் அவன் பட்டினி. உன் விஷயத்தில் நம்பாமல் இருக்க எனக்கு வசதி இருந்தது. அவ்வளவுதான் என் ஞாயம். இப்போது பார், இந்தக் கிருமி உடம்பில் பல வருடம் சத்தமில்லாமல் கிடக்குமாம். நான் உன்னை அனுப்ப முன்னமே, ஒரே பாயில் படுத்த காலத்திலேயே, அது உன்னிடம் வந்திருக்கும். அந்தப் பதினாலு மாதத்தால் உனக்கு ஒரு நன்மையும் இல்லை. என் பிள்ளையை நான் இழந்ததுதான் மிச்சம். என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

குளிசையால் உன் தோல் கறுக்கும். பயப்படாதே. நான் செம்பும் கரியும் கலந்த ஒரு நிறத்துக்கு வந்திருந்தேன். கிணற்றடியில் பெண்கள் கேட்டால், கடற்கரை வெயில் என்று சொல்லுவேன். நாங்கள் எல்லோரும் அதே வெயிலில்தானே நிற்கிறோம் என்று ஒருத்தியும் திருப்பிக் கேட்கவில்லை, அவ்வளவு நல்ல சனம். தம்பியும் பால் குடித்த மாதங்களில் கொஞ்சம் கறுத்துத்தான் இருந்தான். உன் பிள்ளையும் அப்படி இருந்தால், நோய் தொற்றிவிட்டது என்று யாராவது தலையில் கைவைப்பார்கள். அது குளிசையின் நிறம். கொஞ்சக் காலத்தில் தானாகப் போய்விடும், தம்பிக்குப் போனமாதிரி.

இனி நான் செய்த மடைத்தனத்துக்கு வருகிறேன். இதை அப்பாவையும் டொக்டரையும் பங்குச் சுவாமியையும் தவிர ஒருவரிடமும் சொன்னதில்லை. நோய் என்று தெரிந்த முதல் கிழமையே நான் அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். செத்துக்கிடக்கிற அந்தப் படைக்கு உயிர் வந்தால், வீட்டிலிருந்து அவருடைய கோயில்வரை வெறுங்காலோடு நடந்துபோய் வெள்ளியில் ஒரு கை செய்து வைப்பேன் என்று. எங்கள் சனம் எதற்கும் வைக்கிற நேர்த்திதான். கால் நொந்தால் வெள்ளிக் கால், கண் நொந்தால் வெள்ளிக் கண். தம்பி பிறந்து மூன்றாம் மாதம், ஒரு காலைவேளை, அவனுடைய துணிகளைத் தோய்த்துக் காயப்போட்டுக்கொண்டு நிற்கிறேன், இடது கை எரிகிறது. பார்த்தால் அந்தப் படை சிவந்து, தடித்து, தொட்டால் சுடுகிறது. முள் ஏறியும் நோகாத இடம் அது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன், பிள்ளை. உயிர் வந்துவிட்டது, அந்தோனியார் கேட்டுவிட்டார் என்று.

அவர் சுகமாக்கிய பிறகும் குளிசை போட்டால் அவரை நம்பவில்லை என்றாகாதா? குளிசைப் பொட்டலத்தை எடுத்து வீட்டில் இருந்த அவருடைய சுரூபத்துக்குப் பின்னால் வைத்தேன். அடுத்த நாளே வெறுங்காலோடு நடந்துபோய் வெள்ளிக் கையையும் வைத்துவிட்டு வந்தேன். பதினொரு நாள், “குளிசை போட்டனியே?” என்று அப்பா கேட்பார், “ஓம்” என்று சொல்லுவேன். அந்தப் பதினொரு நாளும் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு குத்து இருந்தது. எங்கேயாவது தட்டுப்பட்டால் சுண்டுவிரல்வரை பாய்ந்து போகும். வலை பொத்துகிற ஊசி விரலிலிருந்து வழுகும். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். பிள்ளை பெற்ற உடம்பு, இரத்தம் காணாது என்றேன். பிறகு கரப்பன் என்று முடிவுகட்டி, நண்டு, இறால் இரண்டையும் வீட்டில் நிறுத்தினேன். “நண்டு பிடிக்கிறவன்ரை வீட்டிலையே நண்டுக்குத் தடையோ?” என்று அப்பா பகிடி விட்டார். சிரித்துக்கொண்டே பொய் சொல்லப் பழகியிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் தம்பியைக் குளிப்பாட்ட உட்கார்ந்தேன். காலை நீட்டி அவனை முழங்காலில் கிடத்திக்கொண்டு, வேப்பிலை போட்டு அவித்த தண்ணீரைப் பதம் பார்த்தேன். வலது கையால் அவன் தலையைப் பிடித்திருந்ததால் இடது கையை விட்டுப் பார்த்தேன். சூடாகத் தெரியவில்லை. ஊற்றினேன். அவன் போட்ட சத்தத்துக்கு அப்பா கரையிலிருந்து ஓடிவந்தார். தம்பியின் தொடையில் இருக்கிற தழும்பு கஞ்சி ஊற்றுப்பட்டது என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். கஞ்சியில்லை. என் கை.

ஆஸ்பத்திரியில் முதலில் எங்களைப் பார்த்தது ஒரு மிட்வைஃப். கண்ணாடி போட்ட, மெலிந்த மனுசி. தம்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்குப் பயப்பிடுறமாதிரி ஒண்டுமில்லை அக்கா, மேல்தோல்தான் சுட்டிருக்கு, மருந்து கட்டினால் ஆறிடும்” என்றார். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு எழும்பினேன். அவர் போகவிடவில்லை. “நில்லுங்கோ. நீங்கள் ஏன் பிள்ளையை உப்பிடி மணிக்கட்டாலை அணைச்சுப் பிடிக்கிறியள்? விரலுக்கு என்ன?” என்று கேட்டார். எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடிந்திருந்தன, நிமிர்த்த முடியவில்லை. அவர் என் முழங்கையை விரலால் மெதுவாகத் தொட்டார், நான் துள்ளினேன். “பிள்ளைக்கு எத்தினை மாசம்?” “மூண்டு.” அதற்குமேல் ஒன்றும் கேட்காமல், முன்னால் வரிசையில் இருந்த சனத்திடம், “கொஞ்சம் பொறுங்கோ, இந்தா வாறன்” என்று சொல்லிவிட்டு, என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு தோல் டொக்டரின் அறைவரை கூட்டிக்கொண்டு போனார். நோய் வந்த பிறகு, வீட்டார் அல்லாத ஒருவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். அந்த மனுசியின் பெயரை நான் கேட்கவில்லை. இன்றைக்கும் பூசையில் நன்றி சொல்ல வேண்டிய இடம் வரும்போது, கண்ணாடி போட்ட அக்கா என்றுதான் சொல்கிறேன். ஆருக்குச் சொல்கிறேன் என்று கடவுளுக்குத் தெரியும்.

டொக்டர் கையைப் பார்த்துவிட்டு, குளிசை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டார். இதற்குமேல் பொய் சொல்லத் தெம்பில்லை. நேர்த்தியை, பொட்டலத்தை, பதினொரு நாளை, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்ற அப்பாவுக்கு வந்த கோபம்! கலியாணம் கட்டின நாளிலிருந்து நான் அப்படிப் பார்த்ததில்லை. “அந்தோனியாருக்கு நோய் வருத்தமோ? அவருக்கு ஏனடி குளிசையைக் குடுத்தனீ?” என்று கத்தினார். டொக்டர் மேசையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அவர் சிரிப்பது தோளில் தெரிந்தது. நானும் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

பிறகு அவர் எங்கள் இருவரையும் இருத்திச் சொன்னதைத்தான் உனக்கு நான் சொல்ல வேண்டும். “குளிசை கிருமியைக் கொல்லும் அம்மா. ஆனால் செத்த கிருமியும் உடனை உடம்பை விட்டுப் போகாது, தோலிலையும் நரம்பிலையும் கிடக்கும். உடம்பு அதைக் கண்டால் சண்டைக்குப் போகும். பிள்ளை வயித்திலை இருக்கேக்கை உடம்பு பிள்ளைக்காகக் கோவத்தை அடக்கிக்கொண்டிருக்கும். பெத்து ரெண்டு மூண்டு மாசத்திலை அதுக்குப் பழைய பலம் வரும். அப்ப அடக்கி வைச்ச கோவமெல்லாத்தையும் ஒரேயடியாக் காட்டும். அதுதான் இந்தச் சிவப்பு, இந்தச் சூடு. நோய் கூடேல்லை. உங்கடை உடம்புதான் சண்டை பிடிக்குது. ஆனால் சண்டை நடக்கிற இடம் நரம்பு. அதுதான் விரல் மடியுது” என்றார். குளிசையை நிறுத்தியதால் இது வந்ததா என்று அப்பா கேட்டார். “இல்லை. போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். ஆனால் சிவந்த அண்டைக்கே வந்திருந்தால் விரல் முழுக்கத் தப்பியிருக்கும். நேரம்தான் போயிட்டுது” என்றார். உயிர் வந்தது என்று நான் கோயிலுக்கு நடந்த நாட்களில் என் நரம்பு வீங்கிக்கொண்டிருந்தது.

யாருக்கு இப்படி வரும் என்றும் கேட்டேன். அவர் சொன்னதை உன் கடிதத்தோடு வைத்துப் பார்த்துத்தான் நேற்று இராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு வரும். குளிசை தொடங்கி முதல் வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக வரும். உனக்குப் பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் ஆகும்போது குளிசை தொடங்கி எட்டு மாதம்தான் ஆகியிருக்கும், இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும். எனக்குப் படை ஒன்றுதான், உனக்கு நாலு. படை கூடினால் பயமும் கூட. உன் முழங்கை நரம்பு தடித்திருப்பதாக டொக்டர் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய், அப்படி முன்பே தடித்த நரம்பு முதலில் அடிபடும். கன்னத்தில் இருக்கிற படை எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை, அது சிவந்தால் கண் மூடாமல் போகலாம். வேறு காய்ச்சலோ, பல் வீக்கமோ வந்து உடம்பு ஏற்கெனவே சண்டையில் இருந்தாலும் இது சேர்ந்து கிளம்பும். பயமும் கவலையும்கூடக் கிளப்பிவிடும் என்று சொல்கிறார்கள். இந்த யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கவலைப்படாதே என்று உனக்கு நான் சொல்லமாட்டேன், அது பகிடி. ஆனால் சொத்தைப் பல்லைப் பிள்ளை பிறக்க முன்னமே காட்டிவிடு. அது உன்னால் முடியும். சின்ன வயதிலிருந்தே பல் விளக்க நீ பஞ்சிப்பட்டுத் தட்டிக்கழிக்கிறவள்.

எனக்குச் சின்ன வெள்ளைக் குளிசை வேறாகத் தந்தார்கள். சண்டையைத் தணிக்கிற மருந்து. பழைய குளிசையோடு சேர்த்து இதையும் போட வேண்டும். முதல் கிழமை நிறைய, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மாதக்கணக்கில். இரண்டு கிழமையில் நோவு போய்விட்டது. முகம் பூசணிக்காய் போல ஊதி, கன்னம் பளபளத்தது. கிணற்றடியில், “பிள்ளை பெத்தாப் பிறகுதான் நீ வடிவாய் வந்திருக்கிறாய்” என்றார்கள். சுகம்தானே, இனி எதற்கு இது என்று எனக்கு மறுபடியும் புத்தி போனது. ஆனால் இந்தமுறை அப்பா முன்னால் நின்று, நான் விழுங்கும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் ஆளுக்கே ஆபத்து என்று டொக்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். உனக்கு அது தரவேண்டி வந்தால், இரண்டு கிழமைக்குப் போதுமானதை முன்கூட்டியே கேட்டு வாங்கிக் கையில் வைத்திரு. எந்த நாள் எந்தப் பாதை பூட்டும் என்று எங்களுக்கு ஆர் சொல்கிறார்கள்? எங்கே எழும்பி ஓட வேண்டி வந்தாலும் முதலில் அந்தப் பொட்டலம், பிறகு பிள்ளையின் துணி.

ஊரடங்கு போட்ட நாட்களிலும் அப்பா கிளினிக் நாளைத் தவறவிடவில்லை. பழைய வள்ளத்துப் பலகையில் ஒரு துண்டை என் கை அளவுக்குச் செதுக்கி, பஞ்சு வைத்து, விரல்கள் நிமிர்ந்து நிற்கக் கட்டிவிட்டார். நாலு மாதம் வலையைத் தனியாகப் பொத்தினார், சோறும் சமைத்தார். அந்தச் சோற்றைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை, அவர் இதை வாசிப்பார். ஆறாம் மாதம் மோதிரவிரல் நிமிர்ந்தது. சுண்டுவிரல் நிமிரவில்லை, இன்றைக்கும் அப்படியே. முன்கையில் பாதி இடத்தில் தொட்டால் தெரியும், பாதி தெரியாது. அதற்காக நான் முறைப்பாடு வைக்கவில்லை. இந்தக் கையால்தான் உன் கலியாணச் சட்டைக்குக் கரை தைத்தேன்.

யோசித்துப் பார்த்தால் எனக்கு நன்றி சொல்லவே ஆட்கள் நிறைய. கத்தினாலும் கைவிடாத மனுசன். வரிசையில் நின்ற சனத்தை விட்டுவிட்டு என் கையைப் பிடித்த அந்த அக்கா. விளங்குகிற தமிழில் விளங்கப்படுத்திய டொக்டர். உடம்பு சுட்டதும் ஊருக்கே கேட்கக் கத்திய தம்பி, அவன் கத்தாவிட்டால் நான் அடுத்த மாதமும் அந்தோனியாரைப் புகழ்ந்துகொண்டு இருந்திருப்பேன். அந்தோனியாரோடும் எனக்குக் கோபமில்லை. அந்த அக்காவை அன்றைக்கு அந்த மேசையில் இருத்தியது அவர்தான் என்று நினைக்கிறேன், அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். இப்போது உன் புருஷனையும் சேர்த்துக்கொள்கிறேன். உன் முதுகில் படையைக் கண்டு, முகம் சுளிக்காமல், தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அப்பா இரண்டுதரம் வாசித்தார். எல்லோரையும்விட உனக்கு நன்றி. உன்னைத் தள்ளி வைத்த அம்மாவிடம்தானே நீ முதலில் கேட்டாய்.

மாமிக்குச் சொல், அவர் சொல்வது உன்மேல் உள்ள அன்பில்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைக்காக நிறுத்துகிற குளிசை பிள்ளைக்குத் தாயின் கையை இல்லாமல் செய்துவிடும் என்று சொல். படை சிவந்தால், புதிதாக எங்காவது தடித்தால், முழங்கையோ முழங்காலோ நொந்தால், செருப்புக் காலில் நிற்காமல் கழன்றால், முகம் கழுவும்போது கண்ணுக்குள் தண்ணீர் போனால், அன்றைக்கே போ. வெள்ளிக்கிழமை, திருநாள், துடக்கு, தீட்டு ஒன்றும் பார்க்காதே. பிள்ளையின் தண்ணீரை வேறு யாராவது பதம் பார்க்கட்டும்.

உனக்கு இன்னும் ஒன்று தெரியாது. அந்த வருடம் முழுக்க, ஒவ்வொரு ஞாயிறும் பூசையால் வந்ததும் அப்பா என்னை இருத்தி, “கண்ணை மூடு” என்பார். கிளினிக்கில் செய்வதைப் பார்த்துப் பழகிக்கொண்டார். ஒரு கோழியிறகால் கையில், காலில், முகத்தில் அங்கங்கே தொடுவார். பட்ட இடத்தை நான் விரலால் காட்ட வேண்டும். போன கிழமை தெரிந்த இடம் இந்தக் கிழமை தெரியாவிட்டால், அடுத்த நாளே சைக்கிளை எடுப்பார். நரம்பு கெட்டுப்போக முன்னம் அதைப் பிடிக்க வேறு நல்ல வழி இல்லை.

அதனால், பாதை எப்படி இருந்தாலும் நான் அங்கே வருகிறேன். பிள்ளை பிறந்தவுடன் வர ஊரே இருக்கிறது, மாமி இருக்கிறார். நான் இரண்டாம் மாதம் முடிய வருவேன், நாலு மாதம் இருப்பேன். பிள்ளையை யாரும் தூக்கட்டும். நான் உன்னைப் பார்க்க வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க மாட்டேன், தினமும் காலையில் உன்னை என் முன்னால் இருத்துவேன். இறகு வேண்டாம், என் விரல் போதும். பதினாலு மாதம் உன்னைத் தொடாமல் விட்டவள் நான். நீ கண்ணை மூடிக்கொண்டு இரு. நான் தொடுகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு வா. நீ சொல்லாமல் விடுகிற இடத்தில் திரும்பவும் தொடுவேன்.

அம்மா